டேனியரின் கடற்பாட்டு: ஓர் ஆராய்ச்சி

கடலை அரணாகவும் வழியாகவும் கொண்ட நாட்டினர், தம் கடற்படைத் தலைவரைப் புகழ்ந்த பாட்டுக்களைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வருதல் உலகியல்பு. அத்தகைய பாட்டுக்களுள் டென்மார்க்கு நாட்டினர் தம் அரச வாழ்த்தாகக் கொண்டிருப்பது ஒன்று. பாய்மரத்தின் அருகே நின்று பொருத கிறிஸ்தியான் மன்னனைப் பாடித் தொடங்குவது அது. நான்கே செய்யுட்களால் அமைந்தது. ஆங்கிலம் பயின்ற நம் மாணவர் சிலர், அமெரிக்கப் புலவர் லாங்பெல்லோ செய்த மொழிபெயர்ப்பின் வாயிலாக இதனை அறிந்திருத்தலும் கூடும்.

வைகைக் கரையினராய், வயலும் கண்மாயும் குன்றுமே கண்டு வாழும் நமக்கு, வடபுலத்துக் கடலோரத்தார் பாடிய பாட்டினால் ஆவது யாது என்று வினவுவார்க்கு விடை கூறுவாம். இப்பாட்டின் முதற் செய்யுளிற் புகழப்பெறும் நான்காம் கிறிஸ்தியான் மன்னனே, 1616ஆம் ஆண்டில் டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிமைப் பட்டயம் அளித்தவன். 1620ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தஞ்சை இரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியில் டேனியர்க்கு இடமளித்து உடன்படிக்கை செய்துகொண்டது இம்மன்னனோடுதான். நாயக்கர் இவனுக்கு விடுத்த, பொன்னேட்டில் தமிழால் எழுதப்பெற்ற மடல், டென்மார்க்கு நாட்டு ஆவணக் களரியில் இன்றும் காக்கப்பெறுகின்றது. ஆதலின் இப்பாட்டுடைத் தலைவன் நமக்கு முற்றும் அயலான் அல்லன்.

இக்கட்டுரையில் யாம் செய்யக் கருதியவை மூன்று. பாட்டின் பொருளைச் செய்யுள் முறையே விளக்குதல் ஒன்று. நம் பொருளிலக்கண நெறிநின்று அதனை ஆராய்தல் மற்றொன்று. நாட்டுப் பற்றினைப் பாடும் புலவன் பகைவனை எங்ஙனம் நோக்குதல் தகும் என்னும் வினாவிற்கு, நம் புறப்பாட்டு ஒன்றினையும் உடன்வைத்து, விடை தேடுதல் பிறிதொன்று.

பாட்டுப் பிறந்த வரலாறு

இதனை இயற்றியவர் யொகான்னஸ் ஏவால்ட் என்பார். 1743ஆம் ஆண்டிற் பிறந்த இவர், பதினைந்தாம் வயதில் வீட்டைவிட்டு ஓடி, அக்காலத்து நிகழ்ந்த ஏழாண்டுப் போரிற் படைவீரராய்ச் சேர்ந்தார். போரைக் கண்ணாரக் கண்டு மீண்ட இவரை இளமையிலேயே மூட்டு நோய் பற்றியது. வாழ்நாளின் பிற்பகுதியைப் பெரிதும் நோயாளியாகவே கழித்து, 1781ஆம் ஆண்டில், முப்பத்தேழாம் வயதில் இறந்தார். கடலின் மேற் போர்க்கோலம் கொண்டு நிற்கும் வீரரைப் பாடியவர் கைகால் வீங்கி நொந்தவர் என்பது நினைக்கத்தக்கது.

இப்பாட்டுத் தனிப்பாட்டாகப் பிறந்ததன்று. 'மீனவர்' என்னும் பெயருடைய இசை நாடகத்தின் உள்ளே வருவது. அந்நாடகம் 1780ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் கோபன்ஹேகன் நகரத்து அரச நாடக அரங்கில் முதன்முதல் நடிக்கப்பெற்றது. நாடகத்தைப் பிற்காலத்தார் பெரும்பாலும் மறந்தனர். பாட்டோ நாடெங்கும் பரவிற்று. 1828ஆம் ஆண்டில் கூலோ என்னும் இசைப்புலவர் மற்றொரு நாடகத்திற்கு இசை வகுத்தபோது இதன் மெட்டினை எடுத்தாண்டார். அதனாலும் இதன் புகழ் மிக்கது. இன்று டென்மார்க்கு நாட்டிற்கு வாழ்த்துப் பாக்கள் இரண்டு உள. நாட்டின் அழகினைப் பாடுவது ஒன்று. அது மக்கள் வாழ்த்து. ஏவால்டின் பாட்டு அரச வாழ்த்து. அரச விழாக்களிற் பெரும்பாலும் இதன் முதற் செய்யுள் மட்டுமே பாடப்பெறும். இவ்வழக்கத்தால் நேர்ந்த இழப்பு யாதென்பது பின்னர் விளங்கும்.

முதற் செய்யுள்: மன்னன்

முதற் செய்யுளின் களம், டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் 1644ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள், பழைய நாட்காட்டியின்படி, நிகழ்ந்த கோல்பெர்கர் ஹைடே என்னும் கடற்போர். மன்னன் பாய்மரத்தின் அருகே புகைக்கும் ஆவிக்கும் நடுவே நிற்கின்றான். அவன் வாள் பகைவர் தலைக்கவசத்தைப் பிளக்கின்றது. பகைவர் கலங்கள் புகையினுள் மறைந்து தாழ்கின்றன. எஞ்சியோர் ஓடித் தப்புமாறு ஒருவரையொருவர் கூவுகின்றனர். இவ்வளவே செய்யுளின் பொருள்.

இதனுட் புலவர் அமைத்த நயம் ஒன்றினை நோக்குக. புகையைக் குறிக்கும் தொடர் செய்யுளின் தொடக்கத்தில் ஒருமுறையும் பின்னர் ஒருமுறையும் வருகின்றது. பாய்மரமும் அங்ஙனமே இருமுறை வருகின்றது. முதலில் வரும் பாய்மரம் நிற்கின்றது. அதனருகே மன்னனும் நிற்கின்றான். பின்னர் வரும் பாய்மரம் வீழ்கின்றது, அது பகைவருடையது. ஒரே சொல்லை நிறுத்தியும் வீழ்த்தியும் காட்டி, போரின் முடிவை வேறு விளக்கமின்றிப் புலவர் உணர்த்திவிட்டார். நம் சங்கப் புலவர் பாய்மரத்தைக் கூம்பு என்பர். கூம்பு நின்றால் கலம் நின்றது. கூம்பு வீழ்ந்தால் கலம் வீழ்ந்தது என்பது கடலோடும் எந்நாட்டார்க்கும் தெரிந்த உண்மையாதலின், இந்நயத்தைச் சுவைத்தற்கு மொழி ஒரு தடையன்று.

இனி, செய்யுள் சொல்லாது விட்டதனையும் நோக்குதல் வேண்டும். அப்போரில் மன்னனுக்கு வயது அறுபத்தேழு. பகைவரது குண்டு அவன் கப்பலிற் பாய்ந்தபோது சிதறிய துண்டுகளால் அருகே நின்றோர் சிலர் மாண்டனர். மன்னன் தன் வலக்கண்ணின் ஒளியை இழந்தான். வீழ்ந்தவன் எழுந்து மீட்டும் போரினை நடத்தினான். அன்று குருதி தோய்ந்த அவன் உடைகள் கோபன்ஹேகன் நகரத்து ரோசன்போர்க் அரண்மனையிற் காட்சிக்கு வைக்கப்பெற்றுள்ளன. முகத்தினும் மார்பினும் பட்ட புண்ணை விழுப்புண் என்று போற்றுவது தமிழ் மரபு. அத்தகைய புண் படாத நாட்களையெல்லாம் வீரன் வீண் நாட்களாக எண்ணுவான் என்பது திருவள்ளுவர் கருத்து. நம் புலவர் ஒருவர் இம்மன்னனைப் பாடியிருப்பின் அப்புண்ணையே முன்வைத்துப் பாடியிருப்பர். ஏவால்டோ அதனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் காட்டுவது நிற்கும் மன்னனை மட்டுமே.

அதனினும் பெரியது ஒன்று சொல்லப்படாது நின்றது. அப்போர் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அதன்பின் கீல் விரிகுடாவினுள் ஒதுங்கிய சுவீடன் கப்பல்களைத் தப்பவிட்ட குற்றத்திற்காக டேனியத் தளபதி ஒருவர் தலையிழந்தார். அவ்வாண்டு அக்டோபரில் பெமர்ன் தீவின் அருகே டேனியர் பெருந்தோல்வி உற்றனர். 1645ஆம் ஆண்டு செய்துகொண்ட உடன்படிக்கையால் கோத்லாந்து முதலிய நிலப்பகுதிகளைச் சுவீடனுக்கு இழந்தனர். எனவே பாட்டிற் புகழப்பெறும் நாள், தோற்ற போரின் நடுவே நிகழ்ந்த ஒரு வீர நாளாகும். வெற்றி வேறு, வீரம் வேறு. நாடு இழந்தவிடத்தும் நின்றவன் நின்றவனே என்பது இச்செய்யுளின் உட்கிடை. அதனைப் பொய் என்று கூறுதல் பொருந்தாது. பாதி மெய் என்று கூறலாம்.

இரண்டாம் செய்யுள்: தளபதி

இரண்டாம் செய்யுள் நீல்ஸ் யூல் என்னும் தளபதியைப் பற்றியது. இவர் டச்சுக் கடற்படையில் திரோம்ப், தெ ரய்ட்டர் என்னும் பெரும்புகழ்த் தளபதியரின் கீழ்ப் பணிபுரிந்து கடற்போர் பயின்றவர். 1677ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள், கோகெ விரிகுடாவில், தம்மினும் பெரிய சுவீடன் கடற்படையை எதிர்த்து, காற்றின் போக்கினைக் கண்டு கலங்களைச் செலுத்தி, தம் கப்பல் ஒன்றையும் இழவாமல் வென்றார். பழைய நாட்காட்டியின்படி முன்னைப் போரும் இப்போரும் ஒரே திங்களில் ஒரே நாளில் நிகழ்ந்தமை காண்க.

இச்செய்யுளில் யூல் முதலிற் செய்வது வாளெடுத்தல் அன்று. புயலின் ஒலிக்குச் செவிகொடுத்தல். கேட்டபின் காலம் வாய்த்தது என்று துணிகின்றார். சிவந்த கொடியை ஏற்றுகின்றார். அடிமேல் அடி விழுகின்றது. காலம் வாய்த்தமையைக் கூறும் அதே தொடரினைச் செய்யுளின் பிற்பகுதியிற் பகைவரும் கூறுகின்றனர். யூலின் வாயில் அது தாக்குதற்கு உற்ற காலம். பகைவர் வாயில் ஓடுதற்கு உற்ற காலம். காலமறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்த திருவள்ளுவரைப் பயின்ற நமக்கு, இத்தொடரின் ஆற்றலை எடுத்துரைத்தல் மிகை.

மூன்றாம் செய்யுள்: இடிக்கேடகன்

மூன்றாவதாகப் புகழப்பெறுபவர் பீட்டர் வெஸல். இவர் 1690ஆம் ஆண்டில் நார்வே நாட்டுத் திரோன்ஹெய்ம் நகரத்திற் பிறந்தவர். நார்வே அக்காலத்து டேனிய மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1814ஆம் ஆண்டிலேயே அதனின்றும் பிரிந்தது. இளமையிற் கப்பலேறிக் கிழக்கிந்தியக் கடல்கள் வரை பயணம் செய்து தேர்ந்த இவர், சுவீடனோடு நிகழ்ந்த பெரும்போரில் விரைந்து புகழ் எய்தி, 1716ஆம் ஆண்டில் டோர்டென்ஷோல் என்னும் பட்டம் பெற்றார். இடியையும் கேடகத்தையும் குறிக்கும் இரு சொற்களாலான பெயர் அது. அவ்வாண்டு ஜூலை 8ஆம் நாள் தீனெகீலன் என்னும் குறுகிய கடற்கழியினுள் துணிந்து புகுந்து, பகைவரின் உணவு ஏற்றிய கலத்தொகுதியை அழித்தார். 1720ஆம் ஆண்டில், முப்பதாம் வயதில், தனிச்சண்டை ஒன்றில் மாண்டார்.

பட்டப்பெயரில் உள்ள இடியை வைத்துக்கொண்டு புலவர் செய்யுள் முழுவதையும் மின்னலும் கார்முகிலுமாக ஆக்கிவிட்டார். வெஸலின் ஒளி வடகடலின் இருண்ட முகிலைக் கிழிக்கின்றது. பகைவர் கடலின் மடியிலே புகலடைகின்றனர். உயிரை வானத்தின் கையில் ஒப்புவித்து ஓடுமாறு கூவுகின்றனர். ஒருவன் பெயரின் பொருளையே அவன் செயலுக்கு உவமையாக்குதல் நம் புலவர்க்கும் பழகிய நெறியாம்.

மூன்று செய்யுட்களின் பொதுவியல்பு

இம்மூன்று செய்யுட்களும் ஒருவகையான் ஒத்திருக்கின்றன. தலைவனின் பெயரை முடிவிற் சொல்லுபவர் அவன் நாட்டார் அல்லர். அவனுக்கு அஞ்சி ஓடும் பகைவரே. நண்பர் புகழ்தல் எளிது. பகைவர் வாயால் வரும் புகழே மாற்றுயர்ந்த பொன். இவ்வுத்தியால் பாட்டு மிடுக்கும் விரைவும் பெற்றது என்பதில் ஐயமில்லை. ஆயின் பகைவர்க்கு இதனுள் வேறு தொழிலே இல்லை. அவர்க்கு முகமில்லை, பெயரில்லை, மானமும் இல்லை. ஓடுதலும் ஓலமிடுதலுமே அவர்க்கு விதிக்கப்பட்டவை. கோகெப் போரில் எதிர்நின்ற சுவீடரும் தம் நாட்டைக் காக்க வந்தவரே என்பதனை இப்பாட்டால் நாம் அறிதல் இயலாது.

நான்காம் செய்யுள்: பெயரில்லாதவன்

நான்காம் செய்யுளுக்கு வரும்போது பாட்டின் போக்கு முற்றும் மாறுகின்றது. தமிழ் இலக்கணம் கற்றார் இடம் மூன்று என்பதனை அறிவர். முதலிரண்டு செய்யுட்களும் படர்க்கையில் அமைந்தவை. மூன்றாம் செய்யுள் வடகடலை விளித்தலின் முன்னிலையைத் தொட்டது. நான்காம் செய்யுளிற் கடலை விளிப்பவன் தன்னைப் பற்றியே பேசுகின்றான். இங்கேதான் தன்மை தோன்றுகின்றது. சேய்மையில் நின்று பார்த்த கடலினுள்ளே நாம் சிறிது சிறிதாக இறக்கப்பட்டு, முடிவில் அலைக்கு முகம் கொடுத்து நிற்கின்றோம்.

பேசுபவன் யார்? பெயர் இல்லை. மன்னனும் தளபதியும் பட்டம் பெற்றவனும் போயினர். எஞ்சியவன் ஒரு மாலுமி, அல்லது மீன்பிடிப்போன். கருநிறக் கடல் தன் இனத்தார்க்குப் புகழுக்கும் ஆற்றலுக்கும் வழியாவதை நினைந்து, தன்னை நண்பனாக ஏற்குமாறு அதனை வேண்டுகின்றான். புயலின் முன் அக்கடல் எவ்வளவு செருக்கோடு நிற்குமோ அவ்வளவு செருக்கோடு தானும் இடரை எதிர்ப்பதாகக் கூறுகின்றான். ஆரவாரம், ஆடல், போர், வெற்றி ஆகிய எல்லாவற்றினூடும் தன்னை இறுதியிற் புதைகுழிக்கு இட்டுச் செல்லுமாறு கேட்கின்றான். இங்கே ஓடும் பகைவர் இல்லை, கூக்குரலும் இல்லை. மற்றைச் செய்யுட்கள் வீரன் பெயர் ஒலிக்க முடிய, இது கல்லறையைக் குறிக்கும் சொல்லோடு அமைதியாக முடிகின்றது.

எமக்கு இதுவே பாட்டின் உயிர்நிலையாகத் தோன்றுகின்றது. விழாவில் முதற் செய்யுள் மட்டும் பாடப்பெறுங்கால் மன்னன் நிற்கின்றான். இம்மாலுமி கேட்கப்படாமற் போகின்றான்.

பெருமிதமும் அதன் நான்கு நிலைக்களங்களும்

இனி, நம் இலக்கண நெறியால் ஆராய்வாம். வீரச்சுவையைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் பெருமிதம் என்பர். அது தோன்றும் இடங்கள் நான்கு என வகுத்தார். அவை கல்வியும் அஞ்சாமையும் புகழும் ஈகையுமாம். வீரமாவது வாள் வீசுதல் மட்டுமன்று. கற்றோன் நிமிர்ந்து நிற்பதும் கொடுப்போன் நிமிர்ந்து நிற்பதும் வீரமே என்பது அவ்வாசிரியர் கொள்கை. இதனினும் விரிந்த வீர இலக்கணம் கிடைத்தல் அரிது.

இவ்வளவுகோலை டேனியர் பாட்டிற்கு இடுவோமாயின், அஞ்சாமை முதற் செய்யுளில் மன்னனிடத்து விளங்குகின்றது. புயலின் ஒலியைக் கேட்டுக் காலமறிந்த யூலிடத்து விளங்குவது கல்வி, கடற்கல்வியும் கல்வியே. புகழ், மூன்று செய்யுட்களின் முடிவிலும் பகைவர் வாயில் ஒலிக்கின்றது. எஞ்சியது ஈகை. அதனைப் பாட்டினுள் எங்குத் தேடினும் காணேம். அற்றேல் இப்பாட்டுக் குறையுடையதோ எனின், தனியே எடுத்தவழிக் குறையுடையதே. அக்குறையை நிறைப்பது, பாட்டு எதனுள் வைக்கப்பட்டதோ அந்நாடகம்.

'மீனவர்' நாடகத்தின் கதைக்கு அடிப்படை 1774ஆம் ஆண்டில் நிகழ்ந்த உண்மைச் செய்தி. டென்மார்க்கின் வடகரையில் ஹோர்ன்பெக் என்னும் மீனவர் சிற்றூர் உள்ளது. அதன் அருகே அயல்நாட்டுக் கப்பல் ஒன்று புயலில் அகப்பட்டு அழிந்தது. அவ்வூர் மீனவர் சிலர் தம் உயிரைப் பொருட்படுத்தாது கொந்தளிக்கும் கடலிற் படகு செலுத்தி, கப்பலிலிருந்தவரை மீட்டனர். அவர்க்குக் கைம்மாறு கொடுக்க முன்வந்தபோது அதனைக் கொள்ள மறுத்தனர். இவ்வேழை மீனவரையே ஏவால்ட் தம் நாடகத்தின் தலைமக்கள் ஆக்கினார். அரசரும் பிரபுக்களுமே உயர்ந்த நாடகத்திற்கு உரியர் என்று கருதிய காலத்தில் அது ஒரு புதுமை.

இப்போது பாட்டினை அதன் இடத்தில் வைத்து நோக்குக. மன்னரையும் தளபதியரையும் புகழ்ந்து பாடுவது மீனவர் நாடகம். அவர் கடலிற் பாய்ந்தது அயல்நாட்டுக் கப்பலைத் தாக்குதற்கன்று. அயல்நாட்டான் உயிரைக் காத்தற்கு. கப்பலின் கூம்பு வீழ்ந்தவிடத்து அவர் மகிழவில்லை. வீழ்ந்த கூம்பினைப் பற்றித் தவித்தவனுக்குக் கைகொடுத்தனர். பாட்டுச் சொல்லாது விட்ட ஈகையை நாடகம் செய்துகாட்டிற்று. நாடகத்தினின்றும் பாட்டினைப் பிரித்து எடுத்து அரச வாழ்த்தாக்கிய பிற்காலத்தார், பெருமிதத்தின் நான்காம் காலினை நாடக அரங்கிலேயே விட்டுவந்தனர் எனலாம்.

நம் கரையினின்று நோக்குங்கால்

கடல் டேனியர்க்கு ஆற்றலின் வழி என்பது நான்காம் செய்யுளின் கருத்து. அவ்வழி எங்கே சென்று முடிந்தது என்று வினவுவார்க்குத் தரங்கம்பாடி விடை கூறும். 1618ஆம் ஆண்டில் ஓவ கெட்டே என்னும் இருபத்து நான்கு வயது நிரம்பாத தலைவனின் கீழ் டென்மார்க்கினின்றும் புறப்பட்ட கப்பல்கள், 1620ஆம் ஆண்டில் இலங்கையை அடைந்து, பின் நம் கரைக்கு வந்தன. இடையே நோயாலும் போராலும் மாண்ட மாலுமியர் பலர். நான்காம் செய்யுளின் மாலுமி கடலிடம் கேட்ட புதைகுழி அவர்க்கு நெடுவழியிற் கிடைத்தது. அங்கு எழுந்த டான்ஸ்போர்க் கோட்டை இன்றும் கடலை நோக்கி நிற்கின்றது. 225 ஆண்டுகள் டேனியர் வசம் இருந்த அவ்வூரினை அவர் 1845ஆம் ஆண்டில் ஆங்கிலேயர்க்கு விற்றனர். வங்காளத்துச் சீராம்பூர் முதலியவற்றோடு சேர்த்து விலை 12½ இலட்சம் ரூபாய்.

ஒரு நாட்டிற்கு ஆற்றலின் வழியாக அமைந்த கடல், மறுகரையில் வாழ்வோர்க்கு அயலார் ஆட்சியின் வழியாகவும் அமைந்தது என்பதனை நாம் மறத்தலாகாது. அதே வழியே அச்சுப்பொறியும் வந்தது. 1715ஆம் ஆண்டில் தமிழிற் புதிய ஏற்பாடு முழுவதும் தரங்கம்பாடியில் அச்சிடப்பெற்றமை அதன் பயன். தரங்கம்பாடி டேனியர் கண்டெடுத்த ஊருமன்று. மதுரைப் பாண்டியருள் மாறவர்மன் குலசேகரன் காலத்து எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் அக்கரையில் உண்டு; அதன் முன்பகுதியைக் கடல் பலகாலும் அரித்து விழுங்கியது. வைகைக் கரையினின்றும் அவ்வலைகள் சேய்மையானவை அல்ல.

கடலை நண்பனாகக் கருதும் டேனியர் பாட்டிற்கும் மதுரையின் பழங்கதைக்கும் உள்ள வேறுபாடு ஒன்று இங்குக் கருதத்தக்கது. மதுரையை அழிக்கப் பொங்கி வந்த கடலின்மேல் உக்கிரகுமார பாண்டியன் வேல் எறிந்து அதனை வற்றச் செய்தான் என்பது திருவிளையாடற் புராணத்துள் வரும் கதை. பாண்டியன் எறிந்த வேலைப் பொறாத கடல் பஃறுளி ஆற்றையும் குமரிக் கோட்டையும் கொண்டது என்பது சிலப்பதிகாரத்தால் அறியப்படும். பாண்டி நாட்டு நினைவிற் கடல் பகைவன். டேனிய மாலுமியின் நினைவில் அது நண்பன். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தரங்கம்பாடி முதலிய ஊர்களைத் தாக்கியதனை அறிந்த நாம், இவ்விரண்டனுள் ஒன்றனை மட்டும் மெய்யென்று கூற இயலாது. கடலோரத்தார்க்கு அது இரண்டுமாம்.

வெண்ணிக் குயத்தியார் பாட்டு

தமிழரிடத்தும் கடல்வென்ற புகழ்ப்பாக்கள் உள. கடல் பிறக்கோட்டியவன் என்னும் அடையோடு சேரன் செங்குட்டுவன் போற்றப்பெறுகின்றான். 1025ஆம் ஆண்டை ஒட்டி முதலாம் இராசேந்திர சோழன் கடல் கடந்து கடாரம் கொண்டமையை அவன் மெய்க்கீர்த்தி ஊர்ப்பெயர்களை அடுக்கிப் பேசும். ஆயின் அம்மெய்க்கீர்த்தியுள் மன்னன் பெயர் உண்டு. கலம் செலுத்திய மீகாமன் ஒருவன் பெயரேனும் இல்லை. டேனியர் பாட்டின் முதற் செய்யுளும் இதுவும் ஓரினமே.

இவற்றின் வேறாய் நிற்பது புறநானூற்றின் 66ஆம் பாட்டு. பாடியவர் வெண்ணிக் குயத்தியார். குயவர் குடியிற் பிறந்த பெண்பாற் புலவர் என்பது பெயரால் விளங்கும். பாடப்பெற்றோன் சோழன் கரிகாற் பெருவளத்தான். வெண்ணி, இக்காலத்து நீடாமங்கலத்தின் அருகே கோயில்வெண்ணி என வழங்கும் ஊர். புலவர் தொடக்கத்திற் கரிகாலனது குடிப்பெருமையைக் கடலின் மேல் வைக்கின்றார். காற்றின் இயல்பை அறிந்து அதனைத் தம் வயப்படுத்திக் கலம் செலுத்திய முன்னோரின் வழித்தோன்றல் அவன் என்கின்றார். பின்னர் வெண்ணிப் போரின் வெற்றியைக் கூறுகின்றார். இதுகாறும் டேனியர் பாட்டும் இதுவும் ஒரே நெறியிற் செல்கின்றன.

முடிவில் குயத்தியார் செய்தது வியக்கத்தக்கது. அப்போரிற் கரிகாலனிடம் தோற்றவன் சேரமான் பெருஞ்சேரலாதன். மார்பிற் பாய்ந்த படை முதுகையும் ஊடுருவியதால் உண்டான புறப்புண்ணுக்கு நாணி, அவன் வடக்கிருந்து உயிர் நீத்தான். வென்ற சோழன் முகத்திற்கு எதிரே நின்று, அவனைக் காட்டிலும் தோற்ற சேரன் நல்லவன் அல்லனோ என்று புலவர் வினவுகின்றார். தம் மன்னனைப் பாடவந்த பாட்டில், தம் ஊர்க்களத்தில், பகைவனுக்கு முகமும் மானமும் மேம்பாடும் கொடுத்த பாட்டு இது. கரிகாலன் புகழ் இதனாற் குன்றவில்லை. இத்தகைய சொல்லைக் கேட்டுப் பொறுத்த மன்னன் என்று அவன் பின்னும் உயர்ந்தான்.

டேனியப் புலவர்க்கு ஈகையைக் காட்ட ஒரு நாடகம் முழுவதும் வேண்டியிருந்தது. குயத்தியார் பகைவனுக்குப் புகழை ஈந்து, அதனைச் சில அடிகளுள்ளேயே முடித்தார். இதனால் ஏவால்டைத் தாழ்த்துதல் எம் கருத்தன்று. நாடகத்தோடு சேர்த்து ஓதப்பெறும்போது அவர் பாட்டும் நிறைவுடையதே. தமிழரெல்லாம் குயத்தியார் நெறியே நின்றனர் என்பதும் எம் கருத்தன்று. பகைப்புலத்தை எரித்து அழித்தலை மகிழ்ந்து பாடிய பாட்டுக்கள் நம்மிடத்துப் பல உள. இரு மொழியினும் இரு நெறியும் உண்டு. எதனை மேற்கொள்ளுதல் என்பது கற்போர் கையில் உள்ளது.

முடிவுரை

பகைமை நிலையற்றது என்பதற்கு இப்பாட்டின் பிற்கால வரலாறே சான்று. பழைய நாட்காட்டியில் ஜூலை 1ஆம் நாளில் இருமுறை பொருத டேனியரும் சுவீடரும், 2000ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள், தம்மிடையே உள்ள நீரிணையின்மேற் கட்டிய நெடும்பாலத்தைத் திறந்துவைத்தனர். முன்னாளிற் பீரங்கி முழங்கிய நீர்ப்பரப்பின்மேல் இன்று மாணவரும் தொழிலாளரும் நாள்தோறும் போய் வருகின்றனர். பாட்டில் ஓலமிட்ட பகைவர் அண்டை வீட்டாராயினர். ஆனால் ஹோர்ன்பெக் மீனவர் செய்த செயலுக்கு அன்றும் இன்றும் பொருள் மாறவில்லை.

அச்செயல் நம் நாட்டிலும் நிகழ்ந்தது. 2015ஆம் ஆண்டு டிசம்பரிற் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோதும், 2018ஆம் ஆண்டு ஆகஸ்டிற் கேரள நாட்டை மூழ்கடித்தபோதும், கடற்கரை மீனவர் தம் படகுகளை ஊருக்குள்ளே கொணர்ந்து, தெருக்களிற் செலுத்தி, முன்பின் அறியாதாரைக் கூரைகளினின்றும் இறக்கிக் காத்தனர். கேரளத்தில் அரசு அளிக்க முன்வந்த தொகையை வேண்டா என்றோரும் அவருள் உண்டு. தொல்காப்பியர் கூறிய பெருமிதத்தின் நான்கு நிலைக்களங்களும் அவரிடத்து ஒருங்கு விளங்கின. நீரின் போக்கை அறிந்த கல்வி உண்டு; அஞ்சாமை உண்டு; ஈகை உண்டு. புகழ் ஒன்றே இன்னும் நிரம்பவில்லை. அதனைக் கொடுத்தல் புலவர் கடன்.

மாணவ அன்பர்காள்! அயல்நாட்டுப் பாட்டினைக் கற்பதன் பயன் அதனைப் போலச் செய்தலன்று. அது சொல்லியதனையும் சொல்லாது விட்டதனையும் நோக்கி, நம் மொழியில் இன்னும் பாடப்படாது நிற்பது யாது எனத் தெளிதலே பயன். மன்னர்க்கு மெய்க்கீர்த்தி நிறைய உண்டு. தெருவிற் படகு செலுத்திய அம்மீனவர்க்கு ஒரு பாட்டு வேண்டும். நுமக்குள் யாரேனும் அதனைப் பாடுவீராயின், அன்று டேனியர் பாட்டை நாம் கற்றது வீண் போகாது.